சுவரை உடைக்கும் முன்: ஒரு வீட்டின் தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடித்த விதம்

வீடு கட்டிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு தளம், மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி, சுவருக்குள் பதித்த பிளாஸ்டிக் பைப்புகள். வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் குடும்பமும் உடன் இருக்கிறது. சில மாதங்களாகத் தண்ணீர் போதவில்லை. முன்பு நாளுக்கு ஒரு தடவை மோட்டார் போட்டால் போதும், இப்போது இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறது. மேல் தளத்தில் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரம் வரை ஈரம் ஏறிப் பெயிண்ட் உரிந்து வந்துவிட்டது. சமையலறைக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது, மூடினாலும் சொட்டுகிறது. குளியலறை வாட்டர் ஹீட்டரின் அடியிலும் அவ்வப்போது சொட்டு.

இந்த நான்கையும் சேர்த்து வீட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். குளியலறைச் சுவருக்குள் பைப் எங்கோ உடைந்திருக்கிறது, தண்ணீர் அங்கே போவதால் தொட்டி காலியாகிறது, சமையலறைக்கு அழுத்தம் கிடைக்கவில்லை, சுவரில் ஈரம் தெரிகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பார்க்க வந்த பிளம்பரும் டைல்ஸை உடைத்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பிறகு பார்க்கப் போன எனக்கு அது சரியாகப் படவில்லை. பைப்பைச் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலைதான். எங்கே பழுது என்று தெரியாமல் சரிசெய்யப் போவதுதான் செலவையும் சேதத்தையும் இழுத்து வருகிறது. நான்கு புகாருக்கும் ஒரே காரணம் என்று வைத்துக்கொண்டு சுவரை உடைத்துவிட்டு, உள்ளே பைப் நன்றாக இருந்தால் என்ன செய்வது?

"தம்பி, உடைச்சே பாத்துடலாமா? எத்தனை நாளைக்கு இப்படியே விடுறது?" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டு ராத்திரி மட்டும் பொறுங்க ஐயா. உடைக்கணும்னாலும் எங்க உடைக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு உடைப்போம்."

எவ்வளவு போகிறது?

கசிவு இருக்கிறதா என்று கேட்பதை விட, மணிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று கேட்பது பலன் தரும். அளவு கையில் இருந்தால் பல சந்தேகங்கள் தாமாகவே கழிந்துவிடும். வாட்டர் மீட்டர் உள்ள வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தூங்கும் முன் ஒரு முறையும் விடிந்ததும் ஒரு முறையும் மீட்டரைப் பார்த்தால் போதும். இங்கே தொட்டியே மீட்டர்.

தொட்டியின் உள்விட்டம் 110 செ.மீ. அந்த அகலத்தில் தண்ணீர் மட்டம் 1 செ.மீ இறங்கினால் 9.5 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். இரவு 11 மணிக்கு மோட்டாரை அணைத்து, ஒரு நீளமான குச்சியைத் தொட்டிக்குள் செங்குத்தாக விட்டு மட்டத்தைக் குறித்தோம். ராத்திரித் தேவைக்கு வாளிகளில் முன்பே பிடித்து வைத்துவிட்டார்கள். யாரும் குழாயைத் திறக்கவில்லை, ஃப்ளஷை அழுத்தவில்லை. மோட்டாரிலிருந்து வரும் பைப் தொட்டியின் மேல் பக்கம்தான் நுழைகிறது, எனவே அந்த வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்க வாய்ப்பில்லை. காலை 6 மணிக்குப் பார்த்தால் 12 செ.மீ குறைவு. ஏழு மணி நேரத்தில் 114 லிட்டர், அதாவது மணிக்குப் பதினாறு லிட்டருக்கு மேல். இதே வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 390 லிட்டர்.

இந்த எண்ணைப் பார்த்ததுமே சுவர் மேல் இருந்த சந்தேகம் எனக்குப் பாதியாகக் குறைந்தது. மாதக்கணக்காக நாளுக்கு 390 லிட்டர் அந்தச் சுவருக்குள் போயிருந்தால் ஓரடி உயர ஈரத்தோடு நின்றிருக்காது. தரையில் தேங்கியிருக்கும், கீழ்த்தளத்துக் கூரையில் ஒழுகியிருக்கும். இவ்வளவு தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் போக வேண்டுமானால், அது நேராகச் சாக்கடைக்குள் போக வேண்டும். வீட்டுக்குள் அப்படி ஒரு வழி இருப்பது கழிவறையில்தான்.

வால்வ் மூடியதா என்று பார்ப்பது

அடுத்த வேலை கிளை கிளையாகப் பிரித்துப் பார்ப்பது. தொட்டியிலிருந்து இரண்டு பைப் இறங்குகின்றன: ஒன்று சமையலறைக்கு, மற்றொன்று குளியலறை, கழிவறைகளுக்கு. இரண்டிலும் கேட் வால்வ் இருக்கிறது. ஒன்றை மூடிவிட்டு மட்டத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் வால்வைத் திருகியதாலேயே தண்ணீர் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூடிய பிறகு அந்தப் பைப்பில் கீழே இருக்கும் குழாயைத் திறந்து விட வேண்டும். பைப்புக்குள் தங்கிய தண்ணீர் வடிந்து முடிந்ததும் ஓட்டம் முழுதாக நிற்க வேண்டும்.

சமையலறைப் பக்கம் நின்றது. குளியலறைப் பக்கம் மெல்லிய ஓட்டம் நிற்கவே இல்லை. கேட் வால்வில் உள்ளே ஒரு தகடு இறங்கி வழியை அடைக்கும். அது உட்காரும் பள்ளத்தில் மண்ணும் உப்பும் படிந்தால் கடைசி ஒன்றிரண்டு மி.மீ இறங்காது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வைச் சில தடவை முழுக்கத் திறந்து மூடினால் பல சமயம் படிவு அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே அது நடக்கவில்லை. கையால் மூட முடிகிற அளவுக்கு மேல் அந்த வீலைத் திருகவும் கூடாது, தண்டு முறிந்தால் வால்வ் மூடவும் ஆகாது திறக்கவும் ஆகாது. ஆகவே அந்த வால்வை நம்பாமல், ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக இருக்கும் ஆங்கிள் காக்கை (சுவரிலிருந்து வரும் இணைப்பில் இருக்கும் சின்ன அடைப்புக் குழாய்) மூடிச் சோதிப்பது என்று முடிவு செய்தோம்.

ஃப்ளஷ் டேங்க்

இரண்டு கழிவறையிலும் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து உணவில் சேர்க்கும் கலர் பொடியைக் கொஞ்சம் கரைத்து ஊற்றினோம். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கீழ்த்தளத்தில் பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. மேல் தளத்தில் பின்பக்கமாகச் சிவப்புக் கோடு இறங்கியிருந்தது.

கசிவு ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்றால், மணிக்குப் பதினாறு லிட்டர் என்பது நிமிடத்துக்குக் கால் லிட்டர்தான். அது பீங்கானின் விளிம்பைச் சுற்றிப் பரவி, மெல்லிய படலமாக இறங்குகிறது. சத்தமும் இல்லை, அசைவும் தெரியாது. உலர்ந்த டிஷ்யூ தாளைப் பின்பக்கத்தில் ஒட்டினால்தான் நனைவது தெரியும். இன்னொரு அடையாளமும் இருந்தது. ராத்திரியில் யாரும் போகாமலே டேங்க் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்கிறது என்று மருமகள் முன்பே சொல்லியிருக்கிறார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழிவறையில் தானாகக் கேட்கும் அந்தச் சீறல் சத்தம் உறுதியான துப்பு. கேட்ட அன்றே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் வீணாக இரண்டு வழி உண்டு. மிதவையோடு சேர்ந்த உள்வரும் வால்வ் மூடாமல் போனால் மட்டம் ஏறி, நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழியும். அடியில் இருக்கும் ஃப்ளஷ் வால்வின் ரப்பர் சீல் சரியாக உட்காராவிட்டால் கீழே வடியும். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். ஆங்கிள் காக்கை மூடிவிட்டுத் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மட்டம் ஓவர்ஃப்ளோவின் வாய்க்கு நன்றாகக் கீழே இறங்கிவிட்டால் குற்றம் அடி சீலில். வாய் வரை வந்து அங்கேயே நின்றால் குற்றம் மிதவைப் பக்கம். இங்கே இறங்கிக்கொண்டே போனது. சில மாதம் முன்பு யாரோ வந்து உள்வரும் வால்வைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். நல்ல பொருள்தான், ஆனால் பழுது அதில் இல்லையே. ஒரு கோடு போட்டுப் பார்த்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

டேங்கைக் காலி செய்து ஃப்ளஷ் வால்வைக் கால் சுற்றுத் திருப்பித் தூக்கினோம். சீல் கெட்டியாகி, விரலால் மடக்கினால் ஓரத்தில் வெடிப்புத் தெரிந்தது. டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரையை வீட்டில் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அது ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். சீல் உட்காரும் இடத்தில் சுண்ணாம்புப் படிவும் சொரசொரப்பாக இருந்தது. வினிகர் நனைத்த துணியை அதன்மேல் வைத்து ஊறவிட்டுத் துடைத்தோம். பிளேடால் சுரண்டினால் கீறல் விழும், பிறகு புது சீலும் கசியும். பழைய சீலைக் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வாங்கிப் போட்டதும் கலர் சோதனையில் பீங்கான் வெள்ளையாக நின்றது.

சமையலறை

ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைந்தால் அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். ஒரு கிளை முழுக்கக் குறைந்தால் அந்தக் கிளையின் வால்வை. வீடு முழுக்கக் குறைந்தால் தொட்டியையோ வெளியிலிருந்து வரும் வழியையோ. இங்கே அதே கிளையில் இருக்கும் துணி துவைக்கும் இடத்துக் குழாய் நன்றாகவே கொட்டியது. ஆகவே சமையலறைக் குழாயின் நுனியில் இருக்கும் ஏரேட்டரை, அதாவது வலை வைத்த சின்ன மூடியைக் கழற்றினேன். வலை முழுக்க மண் துகள், வெள்ளைப் படிவு, அப்புறம் யாரோ முன்பு வேலை செய்தபோது பிய்ந்து போன டெஃப்லான் டேப்பின் (கசியாமலிருக்க மரையில் சுற்றும் மெல்லிய நாடா) நூல்கள். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டதும், ஒரு லிட்டர் ஜக் நிரம்ப 25 விநாடி எடுத்தது 9 விநாடியாகக் குறைந்தது.

சொட்டு மட்டும் நிற்கவில்லை. ஒரு டம்ளரை அடியில் வைத்துப் பத்து நிமிடம் பிடித்ததில் 100 மி.லி, மணிக்கு 600 மி.லி. குழாயின் வாயில் சொட்டினால் உள்ளே அடைக்கும் பாகம் தேய்ந்திருக்கிறது. கைப்பிடியின் அடியில் கசிந்தால் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அல்லது கிளாண்ட் பேக்கிங் என்ற திணிப்பு தேய்ந்திருக்கிறது. பல சுற்றுத் திருகும் பழைய மாதிரிக் குழாயில் அடைப்பது ரப்பர் வாஷர். புதிதாகப் போட்ட வாஷரும் சில வாரத்தில் சொட்டினால், அது உட்காரும் பித்தளை விளிம்பு அரித்திருக்கிறது, வாஷரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இந்த வீட்டில் இருந்தது கால் சுற்றில் மூடும் குழாய். அதில் இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அடைக்கும். ஏரேட்டரில் பார்த்த அதே மண் இந்த வட்டைக் கீறிவிட்டது. கீறினால் சரிசெய்ய முடியாது, வட்டுகள் அடங்கிய உள்பாகமான கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். கைப்பிடி மாட்டும் தலையில் இருக்கும் பற்களின் எண்ணிக்கையும் உயரமும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், பழையதைக் கையில் கொண்டு போய்த்தான் வாங்க வேண்டும்.

சிங்க்குக்கு அடியில் கை விட்டபோது கனெக்ஷன் ஹோஸின் ஸ்டீல் பின்னலில், நட்டை ஒட்டித் துரு தெரிந்தது. சொட்டும் குழாயால் வீடு வெள்ளக்காடாகாது. வெடிக்கும் ஹோஸால் ஆகும், அதுவும் யாரும் இல்லாத நேரத்தில். அதையும் சேர்த்து மாற்றினோம். ஹோஸின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருப்பதால் டெஃப்லான் தேவையில்லை. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று. டேப் சுற்ற வேண்டியது குழாய், ஆங்கிள் காக் மாதிரி மரை அடைக்க வேண்டிய இடங்களில்தான். மரை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் மரைக்குள் இரும்பையோ பித்தளையையோ பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் அன்றைக்குக் கசியாது, சில மாதம் கழித்துப் பிளந்துகொள்ளும். உள்ளே பித்தளை மரை பதித்த ஃபிட்டிங் போடுவது அதற்காகத்தான்.

சுவர்

மேல் கழிவறையின் ஆங்கிள் காக்கை மூடி வைத்த இரண்டாம் ராத்திரியில் தொட்டி மட்டம் அரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியிருந்தது. அப்போது சமையலறைக் குழாயைப் பழுது பார்த்திருக்கவில்லை. மணிக்கு 600 மி.லி சொட்டு, ஏழு மணி நேரம் என்றால் 4.2 லிட்டர், அது அரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவுதான். கணக்கு நேராகிவிட்டது. ஆனாலும் குச்சியால் அளக்கும்போது சின்னக் கசிவு ஒளிந்துகொள்ள இடமுண்டு. சுவருக்குள் மணிக்கு 200 மி.லி போனாலும் ஒரு ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாது. எனவே பழுதெல்லாம் பார்த்த பிறகு, குடும்பம் வெளியூர் போன இரண்டு நாட்களைப் பயன்படுத்திக்கொண்டோம். 48 மணி நேரத்தில் 200 மி.லி கசிவு 9.6 லிட்டராகும், அதாவது மட்டத்தில் முழு 1 செ.மீ. திரும்பி வந்து பார்த்தபோது குறி அசையவில்லை. சுடுதண்ணீர்ப் பைப்பும் அதே தொட்டியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது என்பதால் அதற்கும் சேர்த்தே பதில் கிடைத்தது. சுவருக்குள் இருக்கும் பைப் எதுவும் உடையவில்லை.

அப்படியானால் சுவரை நனைப்பது அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் இல்லை. குளித்து வடியும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடத்தையிலேயே வேறுபாடு உண்டு: அழுத்தப் பைப் கசிந்தால் ஈரம் இரவு பகல் ஓயாது, வடியும் தண்ணீர் என்றால் புழங்கும் நாளில் கூடி, புழங்காத நாளில் குறையும். படுக்கையறையில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டோம். சுவர் மெதுவாகத்தான் பதில் சொல்லும், அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் ஓரிரு நாள் விட்டோம். அந்த நாட்களில் எல்லோரும் கீழே குளித்தார்கள்.

முதலில் ஒரு ஹோஸை நேராகத் தரை வடிகாலுக்குள் விட்டுத் தரை நனையாமல் நிறைய தண்ணீர் ஊற்றினோம். கோடு அப்படியே இருந்தது. வடிகால் பைப் நல்லது. அடுத்து ஷவரைச் சுவர் டைல்ஸ் மேல் மட்டும் அடித்து, கீழே இறங்கியதை உடனுக்குடன் துடைத்தோம். மாற்றமில்லை. மூன்றாவதாக வடிகாலைத் துணிப் பந்தால் அடைத்து, தரையில் இரண்டு செ.மீ தண்ணீர் சில மணி நேரம் நிற்கும்படி விட்டோம். மறுநாள் ஈரம் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை வந்திருந்தது.

பிறகு தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பெரிய வாளி எப்போதும் நிற்கும் மூலையில், சுவரும் தரையும் சேரும் இடத்து ஜாயின்ட்டில் ஒரு கை நீளத்துக்குப் பூச்சே இல்லை. ஒரு விசிட்டிங் கார்டு ஓரம் உள்ளே போனது. பக்கத்து டைல் இடுக்குகளிலும் சிமென்ட் பூச்சு கரைந்திருந்தது. குளிக்கும் தண்ணீர் அங்கே தேங்கி, இடுக்கில் இறங்கி, செங்கல் வழியாக மறுபக்கம் ஏறி ஈரமாகத் தெரிந்திருக்கிறது.

குளியலறையை ஒரு வாரம் உலரவிட்டு, பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, தரை இடுக்குகளுக்கு எபாக்ஸி கிரவுட் (டைல் இடுக்கை நிரப்பும் பிசின் கலவை) போட்டோம். சுவரும் தரையும் சேரும் மூலைக்கு மட்டும் சிலிக்கான் சீலன்ட். அந்த மூலை வெயிலுக்கும் குளிருக்கும் சற்றே அசையும், அங்கே கெட்டியான பூச்சு எதைப் போட்டாலும் மறுபடி வெடிக்கும். சிலிக்கானை ஒரு முழு நாள் நனைக்காமல் விட வேண்டும். அப்புறம் தண்ணீர் நிறுத்தும் சோதனையைத் திரும்பச் செய்ததில் கோடு அசையவில்லை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இடுக்கை அடைத்த பிறகும் ஈரம் கூடியிருந்தால், டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது என்று பொருள். அப்போது தரையை எடுத்துத்தான் ஆக வேண்டும், மேல்பூச்செல்லாம் தற்காலிகம்.

படுக்கையறைச் சுவரில் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கச் சொன்னேன். கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பும். சுவர் நன்றாக உலர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பெயிண்ட் அடித்தால் மறுபடி உரியும்.

ஹீட்டர்

"அந்தச் சொட்டையும் ஒரு பிளக் போட்டு அடைச்சிடலாமா தம்பி?" என்று கடைசியாக ஹீட்டரைக் காட்டிக் கேட்டார் வீட்டுக்காரர்.

"ஐயா, அதை மட்டும் எப்பவுமே செஞ்சுடாதீங்க."

ஹீட்டரின் அடியில் சொட்டுவது பாதுகாப்பு வால்வ். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 400 மி.லி விரிகிறது. உள்ளே வரும் வழியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வ் இருப்பதால், விரிந்தது வெளியேற இருக்கும் ஒரே வழி இந்தச் சொட்டு. சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டு ஹீட்டர் அணையாமல் போனாலும் அழுத்தத்தைத் திறந்து விடுவது இதுதான். தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்கு இடம் கேட்கும். இதை அடைத்த ஹீட்டர் சுவரையே பெயர்த்துக்கொண்டு வெடிக்கக்கூடியது.

சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வ் தன் வேலையைச் செய்கிறது. இங்கே அப்படித்தான் இருந்தது. அணைத்து ஆறிய பிறகும் ஓயாமல் சொட்டினால் வால்வில் படிவு, அல்லது அழுத்தம் அதிகம். அதை ஹீட்டர் வேலை தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும், அதற்கும் முன்னால் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நாங்கள் செய்தது, சொட்டு விழும் வாயில் ஒரு சின்ன டியூப் மாட்டி, எங்கும் மடங்காமல் கீழ்நோக்கியே சாய்த்து வடிகால் பக்கம் விட்டதுதான். அதன் நுனியை மூடவோ தண்ணீருக்குள் முக்கவோ கூடாது.

பிளம்பருக்கு விட்ட வேலை

மூடாத அந்தக் கேட் வால்வை மாற்றத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வெட்டி ஒட்டும் வேலையும் உண்டு. முதலில் வந்த அதே பிளம்பரையே கூப்பிட்டு, அளவுகளை எல்லாம் காட்டினோம். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். பழைய வால்வை எடுத்துவிட்டுக் கால் சுற்றில் மூடும் பால் வால்வ் போட்டார், பிறகு கழற்ற வசதியாகப் பக்கத்தில் யூனியன் என்ற திருகி இணைக்கும் ஜாயின்ட் ஒன்றும் வைத்தார். சால்வென்ட் சிமென்ட் என்ற பைப் பசையால் ஒட்டிய இடத்தை டப்பாவில் போட்டிருந்த நேரம் முடியும் வரை விட்டுவிட்டுத்தான் தண்ணீரைத் திறந்தார். திறந்ததும் மேல் குளியலறையில் இருமல் மாதிரி காற்றுதான் வந்தது. காலியான பைப்பில் காற்று சிக்கிக்கொள்வது வழக்கம். அந்தக் கிளையில் ஆகக் கீழே இருக்கும் குழாயைத் திறந்து ஓடவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மேலே வந்ததும் ஓட்டம் சீரானது.

போகும் முன் அவர் எல்லா வால்விலும் எது எங்கே போகிறது என்று மார்க்கரால் எழுதி வைத்தார். மோட்டார் இப்போது பழையபடி நாளுக்கு ஒரு முறைதான் ஓடுகிறது. படுக்கையறைச் சுவருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. பென்சில் கோட்டுக்குள் ஈரம் சுருங்கிக்கொண்டு வருகிறது, முழுக்க உலர்ந்த பிறகு அடிப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.